நாய்க்கு நூறு உருவம். பூனைக்கு மட்டும் ஏன் ஒரே உருவம்?

மும்பையில் ஒரு பெரிய ரெயில் நிலையத்தின் லக்கேஜ் ஆபீசில் குமாஸ்தாவாக வேலை பார்க்கிறேன். சித்திரை, வைகாசி வந்து விட்டால் எங்கள் ஜன்னலுக்கு முன்னால் நிற்கும் கூட்டத்தில் பாதிப் பேர் நம்மவர்கள்தான். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் லீவு. ஊரில் கோவில் கொடை. மிக்சி, தையல் மெஷின், சைக்கிள், மோட்டார் சைக்கிள் என்று எதையாவது கட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். சிலர் நாயோடும் வருவார்கள்.

ரெயிலில் நாயை ஏற்றுவதற்கு என்று தனி இடம் உண்டு. கார்டு பெட்டியை ஒட்டி இரும்புக் கதவு போட்ட ஒரு சின்ன அறை. அதற்குப் பெயர் 'டாக் பாக்ஸ்'. கட்டியவர்கள் எந்த நாயை மனதில் வைத்து அளவு எடுத்தார்கள் என்பது தெரியாது. கிரேட் டேன் நாய் அதற்குள் குனிந்துதான் நிற்க வேண்டும். சிவாவா என்ற குட்டை நாயை விட்டால், மூலையில் எங்கே இருக்கிறது என்று டார்ச் அடித்துத் தேட வேண்டும். இரண்டுக்கும் நான் எழுதும் ரசீதில் ஒரே வார்த்தைதான்: 'நாய், ஒன்று.'

சென்ற மே மாதம் ஒரு மாலை நேரம். தாராவியில் இட்லிக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் மனைவி, மகளுடன் வந்தார். கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். கையில் ஒரு 'பக்' நாய். தட்டை மூஞ்சி, சுருட்டை வால், முழித்த கண். அவருக்கு முன்னால் வரிசையில் நின்றவர் ஓர் அல்சேஷனைப் பிடித்துக்கொண்டிருந்தார். பக்கத்துப் பெஞ்சியில் ஓர் அம்மாள் மடியில் மூங்கில் கூடை, கூடைக்குள் பூனை.

அண்ணாச்சியின் மகளுக்குப் பத்து வயது இருக்கும். மூன்றையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஜன்னல் வழியாக என்னைக் கேட்டாள்.

"மாமா, இந்த நாயும் அந்த நாயும் ஒண்ணு மாதிரியே இல்லியே. பூனைன்னா மட்டும் எங்க பார்த்தாலும் ஒரே மாதிரி இருக்கே, அது ஏன்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. நான் எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவன். ஆனால் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. அன்று நடந்த இன்னொரு சம்பவமும் அதற்குக் காரணம். அதைப் பிறகு சொல்கிறேன். புத்தகங்களைத் தேடிப் படித்தேன். பரேல் மிருக ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரிடமும் சந்தேகம் கேட்டேன். தெரிந்து கொண்டதை வாசகர்களோடு பகிர்ந்து கொள்கிறேன்.

நாற்பது மடங்கு

முதலில் கணக்கைப் பார்ப்போம். வளர்ந்த சிவாவா மூன்று கிலோவுக்குள் இருக்கும். மாஸ்டிப் என்னும் காவல் நாய் நூறு கிலோவையும் தாண்டும். எடையில் முப்பது, நாற்பது மடங்கு வித்தியாசம்! பூனையில் சின்னது என்று பெயர் எடுத்த சிங்கப்பூரா இரண்டு, மூன்று கிலோ. பெரியது என்று பெயர் எடுத்த மெய்ன் கூன் ஆண் பூனை எட்டு கிலோ சுமாருக்கு வரும். மூன்று, நான்கு மடங்கோடு முடிந்தது. நம் சாலில் திரியும் பூனை இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

உருவத்திலும் அப்படியே. நாய்களின் மண்டை ஓடுகளை அளந்து பார்த்த ஆராய்ச்சியாளர்கள் 2010-ல் ஆச்சரியமான ஒரு முடிவை வெளியிட்டார்கள். கரடி, புலி, கீரி, கடல்நாய் என்று மாமிச பட்சணி வர்க்கம் முழுவதிலும் மண்டை ஓட்டின் வடிவம் எவ்வளவு வேறுபடுகிறதோ, அந்த அளவுக்கு நாய் என்ற ஒரே இனத்துக்குள் வேறுபாடு இருக்கிறதாம். இத்தனைக்கும் எல்லா நாய்களுக்கும் மூதாதை ஓநாய் ஒன்றுதான்.

பூனைக்கும் மூதாதை ஒன்றுதான்: ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியாப் பக்கத்துக் காட்டுப் பூனை. அதைப் பிடித்து வந்து நம் வீட்டு அடுப்படியில் விட்டால் பலருக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் பக் நாயைப் பார்த்து "இதன் பாட்டன் ஓநாய்" என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

வேலைக்குத் தக்க உடம்பு

நாய் மனிதனோடு சேர்ந்து எப்படிக் குறைத்துச் சொன்னாலும் பதினாலாயிரம் வருஷம் ஆகிறது. ஜெர்மனியில் பான் நகரத்துக்கு அருகே 1914-ல் ஒரு பழைய கல்லறை கிடைத்தது. ஓர் ஆண், ஒரு பெண், கூடவே ஒரு நாய்க்குட்டி. பதினாலாயிரம் வருஷத்துக்கு முந்தியது. அந்தக் குட்டிக்குக் கடுமையான நோய் வந்து, யாரோ வாரக்கணக்கில் பக்கத்தில் இருந்து பார்த்ததால்தான் அவ்வளவு நாளாவது பிழைத்திருக்கிறது என்று பற்களைச் சோதித்தவர்கள் சொல்கிறார்கள். அப்போது உழவு இல்லை, கிராமம் இல்லை. வேட்டையாடித் திரிந்த காலம்.

அன்று முதல் மனிதன் நாய்க்கு ஏதாவது வேலை கொடுத்துக்கொண்டே வந்திருக்கிறான். வேலை மாறினால் உடம்பும் மாற வேண்டும். முயலைத் துரத்த வேண்டுமா? நீண்ட கால், ஆழமான நெஞ்சு, ஒட்டிய வயிறு. நம் சிப்பிப்பாறை நாய் அப்படித்தான். வளைக்குள் நுழைந்து பிடிக்க வேண்டுமா? குட்டைக் கால், நீண்ட முதுகு. டாஷ்ஹண்ட் என்ற பெயருக்கே ஜெர்மன் மொழியில் வளைக்கரடி நாய் என்றுதான் அர்த்தம். கடலில் வலை இழுக்க நியூபவுண்ட்லாண்டு நாய்க்கு விரல்களுக்கு நடுவே நல்ல சவ்வு. சீன அரண்மனையில் மடியில் உட்கார்ந்திருப்பதற்கென்றே பீக்கிங்கீஸ்.

இங்கிலாந்தில் ஒரு காலத்தில் சமையலறை நாய் ஒன்று இருந்தது. அடுப்பில் மாமிசத்தைக் கம்பியில் குத்தி மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குச் சுவரில் ஒரு சக்கரத்தை மாட்டி, உள்ளே ஒரு குட்டைக்கால் நாயை விடுவார்கள். அது ஓட ஓடச் சக்கரம் சுற்றும், கம்பியும் சுற்றும். மணிக்கணக்கில் ஓடினாலும் இருந்த இடத்தை விட்டு நகராது. (எங்கள் ஆபீசில் சில நண்பர்களிடம் இதைச் சொன்னேன். "நம்ம இனம்தான்" என்றார்கள்.) பிறகு சக்கரம் சுற்ற மெஷின் வந்தது. நாய்க்கு வேலை போயிற்று. வேலையோடு அந்த ஜாதியே அழிந்து போயிற்று. வேல்ஸ் நாட்டில் ஆபர்கவேனி ஊர் மியூசியத்தில் ஒன்றே ஒன்றைப் பாடம் செய்து வைத்திருக்கிறார்கள்.

பூனைக்கு இந்தக் கதை எதுவும் கிடையாது. மனிதன் தானியம் சேர்த்தான், எலி வந்தது, எலியைத் தேடிப் பூனை வந்தது. யாரும் கூப்பிடவில்லை. சைப்ரஸ் தீவில் ஒரு மனிதனின் சமாதிக்கு அருகே ஒன்பதாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய பூனை எலும்புக்கூடு கிடைத்திருக்கிறது. அன்றைக்கும் இன்றைக்கும் அதற்கு ஒரே உத்தியோகம். அந்த உத்தியோகத்துக்கு வேண்டிய உடம்போடுதான் அது வந்து சேர்ந்தது. இதைவிடச் சின்னதாக இருந்தால் பெருச்சாளி திருப்பிக் கடித்து விடும். பெரிதாக இருந்தால் எலி வளைச் சந்தில் நுழைய முடியாது; எலியைத் தின்று வயிறும் நிறையாது. திருத்துவதற்கு அதில் ஒன்றும் இல்லை.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். அறுபது கிலோ நாய் வீட்டில் படுத்திருக்கலாம். அறுபது கிலோவில் ஒரு பூனை என்றால், அது போரிவிலி காட்டில் இருக்கிற சிறுத்தைதான். பூனைக் குடும்பத்தில் பெரிய உருவம் வர முடியாது என்பதில்லை. இந்தியாவிலும் இலங்கையிலும் உள்ள துரும்புப் புள்ளிப் பூனை ஒன்றரைக் கிலோ. புலி இருநூறு கிலோவுக்கு மேல். வீட்டுக்குள் அப்படி ஒன்றை வளர்த்தெடுக்க யாருக்கும் தைரியம் வரவில்லை, அவ்வளவுதான்.

ராத்திரி சுற்றும் பழக்கம்

ஒரு ஜாதியை உண்டாக்க வேண்டுமானால் எந்த ஆணும் எந்தப் பெண்ணும் சேர வேண்டும் என்பதை மனிதன் தீர்மானிக்க வேண்டும். நாயைச் சங்கிலியில் கட்டலாம். நல்ல ஆணுக்காகப் பத்து மைல் நடத்திக்கொண்டு போகலாம். பூனை?

டார்வின் என்ற பெரிய விஞ்ஞானி 1859-ல் வெளியிட்ட தம் புத்தகத்திலேயே இதைத் தொட்டிருக்கிறார். பூனை ராத்திரியில் சுற்றித் திரிகிற பிராணி. அதற்கு ஜோடி சேர்த்து வைக்க மனிதனால் முடியாது. ஆகவே தனி ஜாதிப் பூனை நெடுங்காலம் நிலைப்பது அபூர்வம் என்பது அவர் கருத்து. எங்கள் குவார்ட்டர்சில் மூன்றாம் மாடியில் ஒரு வெள்ளைப் பூனையைப் பட்டு மெத்தையில் வைத்து வளர்த்தார்கள். ஜன்னல் ஒரு நாள் திறந்து கிடந்தது. பிறந்த குட்டிகள் நான்கும் நான்கு நிறம். டார்வின் படிக்காவிட்டாலும் எங்கள் கட்டடத்தில் எல்லோருக்கும் விஷயம் புரிந்தது.

அதே 1859-ல்தான் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்தில் முதல் நாய்க் கண்காட்சி நடந்தது. நாய்ச் சங்கமான கென்னல் கிளப் 1873-ல் ஏற்பட்டது. ஒவ்வொரு ஜாதிக்கும் காது இப்படி, வால் இப்படி, மூக்கு இப்படி என்று விதி எழுதி, அந்த விதிக்கு ஒத்து வருவதற்கே பரிசு என்றார்கள். அதுவரை வேலைக்காக மாறிய உடம்பு, அதற்குப் பிறகு அழகுக்காக மாறத் தொடங்கியது. இன்று நாம் பார்க்கும் சீமை நாய்களில் பெரும்பாலானவை இந்த நூற்றைம்பது, நூற்றறுபது வருஷத்தில் உருவம் திருத்தப்பட்டவைதான். பூனைக் கண்காட்சி 1871-ல் லண்டன் கிறிஸ்டல் பேலஸில் நடந்தது. ஆனாலும் உலகத்துப் பூனைகளில் மிகப் பெரும்பாலானவை இன்னும் கண்காட்சியையும் கல்யாண ஏற்பாட்டையும் அறியாதவை.

ஓநாயிடம் இருந்த குட்டை ஜீன்

இதெல்லாம் மனிதனின் விருப்பம். விருப்பப்பட்டால் மட்டும் போதுமா? உடம்பு இடம் கொடுக்க வேண்டாமா? இங்கேதான் புதிய ஆராய்ச்சிகள் சுவையான செய்தி தருகின்றன.

மனிதரில் நெட்டை, குட்டை என்பதை ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன மரபணு மாற்றங்கள் சேர்ந்து தீர்மானிக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு நூல் அளவு கூட்டும், ஒரு நூல் குறைக்கும். நாயில் அப்படி இல்லை. சுமார் இருபது, இருபத்தைந்து மரபணுக்களே பெரும் பங்கைத் தீர்மானித்து விடுகின்றன. அதில் முக்கியமானது ஐ.ஜி.எப்.-1 என்னும் வளர்ச்சி ஜீன். அமெரிக்காவில் எலைன் ஆஸ்ட்ராண்டர் என்ற பெண் விஞ்ஞானியின் குழு 2007-ல் இதைக் கண்டுபிடித்தது. சின்ன ஜாதி நாய்கள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இந்த ஜீன் ஒரே மாதிரி இருந்தது.

குட்டை நாய் வேண்டும் என்று மனிதன் ஆசைப்பட்ட பிறகு இது உண்டாகியிருக்கும் என்றுதான் அப்போது நினைத்தார்கள். 2022-ல் அதே குழு சொன்னது வேறு. குட்டை ஜீன் ஐம்பத்து நாலாயிரம் வருஷத்துக்கு முன் சைபீரியாவில் வாழ்ந்த ஓர் ஓநாயின் எலும்பிலேயே இருந்தது! நாய் என்ற பிராணியே அப்போது கிடையாது. நரிகளுக்கு அந்தக் குட்டை வகைதான் இயற்கையாக இருக்கிறது. பெரிய மிருகத்தை வேட்டையாட வேண்டிய ஓநாய்க் கூட்டத்தில் நெட்டை வகை ஓங்கியது. குட்டை வகை எங்கோ ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டிருந்தது. மனிதன் வீட்டில் சோறு கிடைத்ததும் குட்டைக்கும் பிழைப்பு கிடைத்து விட்டது.

குட்டைக்கால் கதையும் இப்படித்தான். டாஷ்ஹண்ட், பாசெட், கோர்கி முதலிய பத்தொன்பது ஜாதிகளை 2009-ல் சோதித்தார்கள். எல்லாவற்றிலும் ஒரே ஜீன் ஒரு பிரதி அதிகமாக இருந்தது. அச்சுக்கூடத்தில் ஒரு வரியைத் தவறுதலாக இரண்டு முறை கோர்த்தது போல! எல்லாம் ஏதோ ஒரு பழைய நாயிடமிருந்து வந்தவை. ஒரே ஒரு மாற்றம், கால் பாதியாகி விட்டது. காட்டில் அப்படி ஓர் ஓநாய் பிறந்தால் ஒரு வாரம் தாங்காது. மனிதனிடம் பிறந்தால், "அட, இது வளைக்குள் போகும் போலிருக்கிறதே" என்று எடுத்து வளர்ப்பான்.

மூஞ்சி விஷயத்தில் இன்னொரு விளக்கமும் இருக்கிறது. ஓநாய்க் குட்டி பிறக்கும்போது முகம் உருண்டை, மூக்கு குட்டை. வளர வளர மூக்கு முன்னால் நீண்டு முகமே மாறி விடும். வழி நீளமாக இருந்தால் நடுவில் எங்கே வேண்டுமானாலும் வண்டியை நிறுத்தலாம் அல்லவா? ஒரு ஜாதியில் வளர்ச்சி சீக்கிரம் நின்றால் பக். நீண்டுகொண்டே போனால் போர்சாய் என்னும் ரஷ்ய நாய். பூனைக்குட்டியின் முகத்துக்கும் கிழட்டுப் பூனையின் முகத்துக்கும் அவ்வளவு தூரம் இல்லை. மனிதன் கை வைக்க அங்கே இடம் குறைவு. ராபர்ட் வெய்ன் என்ற அமெரிக்கர் 1986-ல் நாய், பூனை மண்டை ஓடுகளை அளந்து இதை எழுதினார். டார்வினும் புல்டாக் குட்டியையும் கிரேஹவுண்ட் குட்டியையும் பிறந்த ஆறாம் நாள் அளந்து பார்த்திருக்கிறார். பெரிய நாய்களிடம் இருக்கும் வித்தியாசம் குட்டிகளிடம் அவ்வளவு இல்லை என்று எழுதி வைத்தார். அடுத்த முறை நாய்க்குட்டி வாங்கப் போகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. சின்னக் குட்டியாக இருக்கும்போது ஜாதி பார்ப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு ஜவுளி எடுப்பது மாதிரி.

பூனை உருமாறவே மாறாது என்று நான் சொன்னால் அது தவறு. 1961-ல் ஸ்காட்லாந்தில் ஒரு பண்ணையில் காது மடங்கிய பூனை ஒன்று அகப்பட்டது. அதை வைத்து ஸ்காட்டிஷ் போல்ட் என்ற ஜாதியை உண்டாக்கினார்கள். காதை மடக்கிய அதே ஜீன் மூட்டுக் குருத்தெலும்பையும் கெடுக்கிறது. அந்தப் பூனைகள் மூட்டு வலியில் துன்பப்படுகின்றன. அமெரிக்காவில் மஞ்ச்கின் என்ற குட்டைக்கால் பூனையும் வந்து விட்டது. இன்றைய பாரசீகப் பூனையின் மண்டை ஓடு, காட்டுப் பூனையைவிடப் பக் நாயின் மண்டை ஓட்டைத்தான் ஒத்திருக்கிறது என்று அண்மையில் அளந்து சொல்லியிருக்கிறார்கள். நாய்க்கு நாம் செய்ததைப் பூனைக்கும் செய்யத் தொடங்கி விட்டோம்.

வரிசையில் விழுந்த நாய்

இனி அன்றைய சம்பவம்.

அண்ணாச்சி காகிதங்களை நீட்டினார். டிக்கெட் சரி. தடுப்பூசிச் சீட்டு சரி. "பயணத்துக்குத் தகுதி" என்று ஒரு மிருக டாக்டர் கொடுத்த சர்டிபிகேட்டும் இருந்தது. ஆனால் நாய் மூச்சு விடுகிற சத்தம் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. குறட்டை மாதிரி. நாக்கின் ஓரம் நீலமாக இருந்தது. அன்றைக்கு நிலையத்துக்குள் காற்றே இல்லை. ரெயில் சோலாப்பூர், குண்டக்கல் வழியாக ஒன்றரை நாள் போகும். டாக் பாக்சில் மின் விசிறி கிடையாது.

"அண்ணாச்சி, இந்த நாய் தாங்காது போலிருக்கே" என்றேன்.

"சர்டிபிகேட் இருக்குல்லா தம்பி? அப்புறம் என்ன?" என்றார். கோபம் வந்து விட்டது. நியாயமான கோபம்தான். பன்னிரண்டாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய நாய். ஊரில் தகப்பனார் தோட்டத்து வீட்டில் தனியாக இருக்கிறார். காவலுக்கு ஆகும் என்று கடைக்காரர் சொல்லிக் கொடுத்திருக்கிறார். எனக்கும் சங்கடம். காகிதம் சரியாக இருந்தால் நான் மறுக்க முடியாது. போகிற வழியில் எது நடந்தாலும் சொந்தக்காரர் பொறுப்பு என்று படிவத்திலேயே அச்சடித்திருக்கிறது. ரசீது போட்டுக் கொடுத்து விட்டால் என் வேலை முடிந்தது.

பேனாவை எடுத்தேன். அதற்குள் நாய் சாய்ந்து விட்டது.

மகள் அலறினாள். பெஞ்சியில் இருந்த அம்மாள் பூனைக் கூடையைக் கீழே வைத்து விட்டுத் தண்ணீர்ப் பாட்டிலோடு ஓடி வந்தார். வயிற்றிலும் பாதத்திலும் தண்ணீரை ஊற்றினோம். அல்சேஷன்காரர் அட்டையால் விசிறினார். ஒரு போர்ட்டர் டாக்சி பிடித்தார். அண்ணாச்சி நாயைத் தூக்கிக்கொண்டு பரேல் ஆஸ்பத்திரிக்குப் போனார். ரெயில் கிளம்ப நாற்பது நிமிஷம் இருந்தது. மனைவியும் மகளும் ரெயிலில் போனார்கள். மகள் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதுகொண்டே போனாள். அண்ணாச்சி போகவில்லை. ஏழு வருஷத்துக்குப் பிறகு ஊர்க் கொடைக்குப் போக இருந்தவர்.

நாய் பிழைத்துக் கொண்டது. இரண்டு நாள் கழித்து நானும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே ஒரு டாக்டர் விளக்கினார். நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். பக் நாய்க்கு மூக்கு எலும்பைக் குறைத்து விட்டார்கள். உள்ளே இருக்க வேண்டிய சதை குறையவில்லை. மூக்குத் துவாரம் ஊசிக் காது போல இருக்கிறது. அண்ணத்துச் சதை நீண்டு தொண்டையை அடைக்கிறது. சாதாரண நாளிலேயே திண்டாட்டம். வெயிலில் கேட்க வேண்டாம். பல விமானக் கம்பெனிகள் தட்டை மூக்கு நாய்களை ஏற்றவே மறுப்பது இதனால்தான். நெதர்லாந்து அரசாங்கம் மூக்கு மிகக் குட்டையான நாய்களை இனப்பெருக்கம் செய்வதையே 2019 முதல் கடுமையாகக் கட்டுப்படுத்தியிருக்கிறது. புல்டாக்குக்கு வேறு கஷ்டம்: தலை பெரிதாகி விட்டதால் இங்கிலாந்தில் பத்துக்கு எட்டுப் பிரசவம் ஆபரேஷன். கிரேட் டேன் போன்ற பெரிய நாய்கள் எட்டு வருஷம் இருந்தால் பெரிது. சிவாவா பதினாலு வருஷம்கூட இருக்கும்.

நம் ஊர் ஜாதிகள் மட்டும் தப்பி விட்டன என்று பெருமைப்பட முடியாது. 2005-ல் இந்தியத் தபால் இலாகா நான்கு இந்திய நாய்களுக்கு ஸ்டாம்பு வெளியிட்டது. அதில் ஒன்று நம் ராஜபாளையம். பால் போன்ற வெள்ளை, ரோஸ் நிற மூக்கு. அந்த வெள்ளைதான் வேண்டும் என்று சொந்தத்துக்குள்ளேயே சேர்த்துச் சேர்த்து வளர்த்ததில், காது கேட்காத குட்டிகள் நிறையப் பிறக்கின்றன. நிறம் தருகிற அதே செல்கள்தான் உட்காதுக்குள்ளும் இருந்து காது கேட்க உதவுகின்றன. அவை இல்லாவிட்டால் தோலும் வெளுக்கும், காதும் போகும். வீட்டைக் காக்கும் நாய்க்குக் காது கேட்கவில்லை என்றால் என்ன பிரயோஜனம்? குட்டி வாங்கும்போது அதன் முதுகுக்குப் பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள்.

அண்ணாச்சியைச் சென்ற வாரம் கடையில் பார்த்தேன். பக் நாய் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் டேபிள் பேனுக்கு நேராகப் படுத்திருந்தது. மூக்குத் துவாரத்தை ஆபரேஷன் செய்து கொஞ்சம் அகலப்படுத்தி இருக்கிறார்கள். ஆபரேஷன் செலவு நாயின் விலையைத் தாண்டி விட்டதாம். விற்ற கடைக்காரர் இப்போது போனை எடுப்பதில்லை. தகப்பனாருக்குப் போட்டோ அனுப்பியிருக்கிறார். அவர் பதிலுக்குக் கேட்டாராம்:

"மூக்கு இல்லாத நாயி எதுக்குல? இங்க கரிசக்காட்டுல சிப்பிப்பாறை குட்டி போட்டுக் கெடக்கு."

ஊருக்கு நாய் கொண்டுபோகிற வாசகர்களுக்கு எங்கள் ஆபீஸ் வழக்கத்தைச் சொல்லி விடுகிறேன். ரெயில் புறப்பட மூன்று மணி நேரம் முன்னால் லக்கேஜ் ஆபீசுக்கு வாருங்கள். டாக்டர் சர்டிபிகேட் புதிதாக இருக்க வேண்டும். சாப்பாடும் தண்ணீரும் உங்கள் பொறுப்பு. பெரிய ஸ்டேஷன்களில் இறங்கிப் போய்ப் பார்க்க வேண்டும். முதல் வகுப்பு ஏ.சி.யில் இரண்டு பேர் கூப்பேயை முழுசாக எடுத்தால் நாயைக் கூடவே வைத்துக்கொள்ளலாம், கட்டணம் தனி. தட்டை மூக்கு நாயாக இருந்தால் மே மாதம் வேண்டாம். கார்த்திகை, மார்கழியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பூனை கொண்டு வருகிறவர்கள் கூடையின் மூடியை நன்றாகக் கயிறு போட்டுக் கட்டவும். அன்றைக்குத் தண்ணீர் கொண்டு ஓடி வந்த அம்மாளின் கூடை அந்தச் சந்தடியில் திறந்து கொண்டது. அவர் அழாத குறையாகத் தேடிவிட்டு ரெயிலுக்குப் போனார். பூனை மறு நாள் காலையில் பார்சல் மூட்டைகளுக்கு நடுவிலிருந்து ஒரு பெருச்சாளியைக் கவ்விக்கொண்டு வந்தது. இன்னும் எங்கள் ஆபீசில்தான் இருக்கிறது. அந்த அம்மாள் இதைப் படித்தால், சாம்பல் நிறம், நெற்றியில் வெள்ளைக் கோடு. எந்த ஷிப்டில் வேண்டுமானாலும் வந்து பெற்றுக்கொள்ளலாம்.